மனநூலறிஞர் கிரீந்திரசேகர போஸ்

உள்ளத்தின் இயல்பை ஆராய்வது நம் நாட்டிற்குப் புதிதன்று. ஆயினும் மேல்நாட்டு மனநூல், சோதனைச்சாலையோடும் மருத்துவமனையோடும் இந்தியாவில் காலூன்றியது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேதான். அங்ஙனம் வந்ததனைக் கைகட்டி ஏற்காமலும், வெறுத்துத் தள்ளாமலும், தம் நோயாளிகளிடத்துக் கண்டறிந்த உண்மையையே உரைகல்லாகக் கொண்டு உரைத்துப் பார்த்தவர் வங்கத்து டாக்டர் கிரீந்திரசேகர போஸ் ஆவார்.

இவர் 1887ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர போஸ் தர்பங்கா மகாராஜாவின் திவானாக இருந்தவர். மக்களுள் கடைக்குட்டி நம் கிரீந்திரர். தமையனார் ராஜசேகர போஸ், பரசுராம் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதியும் வங்க மொழிக்கு அகராதி தொகுத்தும் பெரும்புகழ் பெற்றவர். கிரீந்திரர் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இரசாயனம் கற்று, பின்னர் மருத்துவம் பயின்று 1910இல் பட்டம் பெற்றார். இளமையிலேயே செப்பிடு வித்தையிலும் ஹிப்னாடிசம் என்னும் மனவசியத்திலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. சித்தம் கலங்கியோரைப் பேய் பிடித்தவரென்று வேப்பிலையால் அடிப்பதும், சங்கிலியிட்டுப் பூட்டி வைப்பதும் பரவலாயிருந்த அந்நாளில், இவர் அவர்களை நோயாளராகக் கருதி அருகிலிருத்திப் பேசவைத்துக் கேட்டார்.

1916இல் கல்கத்தா பல்கலைக்கழகம் மனநூலுக்கெனத் தனித்துறை தொடங்கிற்று. அதன் தலைவர் நரேந்திரநாத் சென்குப்தா அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்றுத் திரும்பியவர். (நம் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இத்துறை 1924இல் தோன்றியது.) மருத்துவராய்ப் பெயரெடுத்துவிட்ட போஸ், முப்பதை நெருங்கிய வயதில், மீண்டும் மாணவராய் அத்துறையில் அமர்ந்தார், 1917இல் தேறியவுடன் அங்கேயே ஆசிரியருமானார்.

அக்காலத்தில் மனநூலார் பல கட்சியினராய்ப் பிரிந்து நின்றனர். 1879இல் லைப்சிக் நகரில் சோதனைச்சாலை அமைத்த ஊண்ட் என்பாரின் வழியினர், ஒருவன் தன் உணர்வுகளைத் தானே கூர்ந்து நோக்கிச் சொல்வதை ஆதாரமாகக் கொண்டனர். 1913இல் அமெரிக்கராகிய வாட்சன், உள்ளே நிகழ்வதைப் பற்றிய பேச்சே வேண்டாம், புறத்தே காணும் நடத்தையை மட்டும் அளந்தறிக என்றார். ஜெர்மனியில் வெர்த்தைமர் முதலானோர், மனக்காட்சி சிறு துண்டுகளின் கூட்டன்று, முழுமையாகவே தோன்றுவது என்று வாதித்தனர். இவர்களனைவரினும் உலகைக் கலக்கியவர் வியன்னாவின் சிக்மண்ட் பிராய்டு. நாம் அறியாத ஆழ்மனம் ஒன்று உண்டென்றும், நாம் ஒப்பமறுக்கும் விழைவுகள் அங்கே அழுத்தப்பட்டுக் கிடந்து கனவாகவும் நோயாகவும் வெளிப்படும் என்றும் அவர் கூறினார்.

சாம்பியன் ரீப்ஸ் மக்களுக்கு இக்கருத்தை விளக்குதல் எளிது. 2001இல் மூடப்பட்ட நம் தங்கச்சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழமுடையது. தாதுவை வெட்டி எடுக்க எடுக்க, எஞ்சிய பாறைமேல் பளு ஏறிக்கொண்டே போகும். பல்லாண்டு அசைவற்றிருந்த பாறை ஒரு நொடியில் ராக் பர்ஸ்டாக வெடிக்கும். மேலே வீட்டுப் பாத்திரங்களும் அதிரும். அதிர்ச்சி மேலே, காரணமோ எவர் கண்ணுக்கும் எட்டாத கீழ்த்தளத்தில். பிராய்டு கூறிய மனநோயும் இத்தகையதே.

இவ்வழுத்தத்தையே பொருளாகக் கொண்டு போஸ் ஆராய்ச்சி நூல் எழுதி 1921இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதனைப் பிராய்டுக்கும் அனுப்பினார். தம் கருத்துக்கு இத்துணைத் தொலைவில் இத்தகைய வாசகர் இருப்பதறிந்து பிராய்டு வியந்து விடையெழுதினார். இருவரும் நேரில் கண்டதேயில்லை. கடிதப் போக்குவரவு மட்டும் 1937 வரை நிகழ்ந்தது. 1922இல் போஸ் தம் இல்லமாகிய பார்சிபாகன் சந்து 14ஆம் எண் வீட்டில் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி, இறுதிவரை அதன் தலைவராயிருந்தார். அதன் உறுப்பினருள் ஆங்கிலேயரும் இருந்தனர். ராஞ்சி ஐரோப்பிய மனநோய் மருத்துவமனைத் தலைவர் பெர்க்லி ஹில் என்பார் அவருள் ஒருவர். அவரோ அந்த ஆராய்ச்சி முறையையே கருவியாகக் கொண்டு, இந்துக்களின் குணவியல்பே நோய்க்கூறு உடையதென எழுதினார். ஆளப்படுவோரை நோயாளராகக் காட்டுதல் ஆள்வோர்க்கு வசதியானது போலும். போஸ் மனிதரைச் சாதியாகவோ இனமாகவோ வைத்து எடைபோடவில்லை. எதிரே அமர்ந்த ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தார்.

அவர் கண்ட கொள்கை எதிர்விழைவுக் கொள்கை எனப்படும். ஒவ்வொரு விழைவுக்கும் நேரெதிரான விழைவு ஒன்று மனத்திலேயே உடன் உறைகிறது; அடிக்க விரும்புபவனிடத்து அடிபடும் விருப்பமும் உண்டு; ஒன்று மேலெழ மற்றொன்று ஆழ்மனத்தில் அமிழ்கிறது என்பது அதன் சாரம். ஆகவே நோயாளியை ஒருமுறை அடிப்பவராகவும் மறுமுறை அடிபடுபவராகவும் மாறிமாறிப் பாவித்துக்கொள்ளச் செய்வார். பவதண்ஹா, விபவதண்ஹா என இருத்தலின் வேட்கையையும் இல்லாமையின் வேட்கையையும் அருகருகே வைத்துக் கற்ற பௌத்த அன்பர்க்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. இரண்டும் ஒன்றே என்று கூறுதல் மட்டும் மிகையாகும்.

1929இல் போஸ் தம் கட்டுரைகளை அனுப்பி, பிராய்டோடு தாம் மாறுபடும் இடங்களை ஒளிக்காமல் எழுதினார். ஆண்மை பறிபோகுமென்னும் அச்சத்திற்குப் பிராய்டு தந்த முதன்மை தம் இந்திய நோயாளரிடத்துப் பொருந்தவில்லை என்றும், பெண்ணாதல் வேண்டுமென்னும் விழைவு இங்கே எளிதில் வெளிப்படுகின்றது என்றும் விளக்கினார். பிராய்டு மதித்துப் படித்தார். ஆனால் முழுதும் ஒப்பவில்லை. போஸும் பின்வாங்கவில்லை. 1931இல் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குச் சங்கத்தார் தந்தத்தாலான விஷ்ணு சிலையொன்றை அனுப்ப, அவர் அதனைத் தம் எழுதுமேசைமேல் வைத்துக்கொண்டார். கருத்து வேற்றுமை அன்பைக் குலைக்கவில்லை. குருவின் சொல்லை மறுத்தால் பாவம் என்றெண்ணும் சீடர் பலர் வியன்னாவிலேயே இருந்தனர் என்பதை நோக்க, கல்கத்தாவின் இத்துணிவு சிறிதன்று.

1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் ஏழைகளும் வந்து காட்டிக்கொள்ளும் மனநோய்ச் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1940இல் தமையனார் ராஜசேகரர் அளித்த இடத்தில், கல்கத்தாவின் தில்ஜலாப் பகுதியில், மூன்றே படுக்கைகளுடன் ஒரு மனநோய் மருத்துவமனை தோன்றிற்று. பகவான் பிறந்த சோலையின் பெயரே அதற்கு இடப்பட்டது: லும்பினி பார்க். சங்கத்தின் வெளியீடாகிய சமீக்ஷா 1947இல் தோன்றியது. கனவைப்பற்றி ஸ்வப்ன என்னும் வங்க நூலும், கீதைக்கு உரையும், குழந்தைகளுக்கு எறும்புகளின் கதையும் எழுதியவர் இவரே.

1942இல் பேச்சிழந்து நினைவு தடுமாறிய கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் லும்பினியில் சில திங்கள் வைத்துச் சிகிச்சை செய்யப்பெற்றார், குணமாகவில்லை. 1953இன் இறுதியில் வியன்னா மருத்துவர் அவரைச் சோதித்து, அது மூளையே தேயும் நோய், தீர்க்கவியலாதது என்றனர். அம்முடிவை அறியப் போஸ் உயிரோடில்லை. அவ்வாண்டு ஜூன் 3ஆம் நாளே காலமாகிவிட்டார். மூன்று படுக்கைகளுடன் தொடங்கிய லும்பினி பார்க், பின்னர் மேற்கு வங்க அரசின் மருத்துவமனையாயிற்று.