பள்ளியை விட்ட சிறுவன் பத்திரிகை ஆசிரியர் ஆனார்!

குற்றாலத்துச் சாரல் வந்து நனைக்கும் ஊர் தென்காசி. அங்கே 1899-ம் ஆண்டு பிறந்தவர் டி. எஸ். சொக்கலிங்கம். பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த பத்திரிகை ஆசிரியர். ஆனால் அவர் கல்லூரியில் படித்தவர் அல்லர். பள்ளிப் படிப்பே பாதியில் நின்றுபோயிற்று. காரணம் என்ன?

வீட்டில் விழுந்த இடி

1911 ஜூன் 17-ந் தேதி, மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரை சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் தென்காசிக்குப் பக்கத்து ஊரான செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன். போலீசார் ஊர் ஊராகத் தேடினார்கள். சொக்கலிங்கத்தின் அண்ணன் சிதம்பரம் பிள்ளையும் கைதானார்.

அப்போது சொக்கலிங்கத்துக்கு வயது 12. அந்தப் பிஞ்சுத் தோளில் குடும்பப் பொறுப்பு ஏறியது. படிப்பு நின்றது. ஆனால் அண்ணனைச் சிறைக்கு இழுத்த நாட்டுப்பற்று தம்பியின் நெஞ்சில் குடிகொண்டது.

பேனா பிடித்த கை

வளர்ந்த பிறகு, டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' பத்திரிகையில் சேர்ந்து எழுதினார். பிறகு 'காந்தி' பத்திரிகையை நடத்தினார். 1933-ல் 'மணிக்கொடி'யைத் தொடங்கிய மூவரில் அவரும் ஒருவர். 1934-ல் 'தினமணி' பிறந்தபோது அவரே அதன் முதல் ஆசிரியர்.

அவர் எழுதிய தமிழ் எளிய தமிழ். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் அரசியல் விளங்கியது. பாதியில் பள்ளியை விட்டவருக்கு, பள்ளியையே காணாதவரின் சிரமம் தெரியாமல் இருக்குமா?

1943-ல் நிர்வாகத்தோடு கருத்து வேற்றுமை வந்தது. பதவியை விட்டு வெளியேறினார். புதுமைப்பித்தன் முதலிய எழுத்தாளர்களும் அவரோடு வெளியேறினார்கள். அடுத்த ஆண்டே 'தினசரி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். டால்ஸ்டாய் எழுதிய 'போரும் அமைதியும்' என்ற மாபெரும் நாவலையும் தமிழில் தந்தார். 1966-ல் காலமானார்.

படிப்பு நின்றதா?

இளமையில் பட்ட கஷ்டம் எல்லோரையும் உயர்த்தும் என்று சொல்லிவிட முடியாது. பள்ளியை இழந்து, அதோடு ஒடுங்கிப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆகவே, பிள்ளையின் படிப்பை நிறுத்துவது சரி என்று எந்தப் பெற்றோரும் எண்ணிவிடக் கூடாது. சொக்கலிங்கத்துக்குப் பள்ளிக்கூடம்தான் நின்றது. படிக்கும் பழக்கத்தை அவர் கடைசி வரை கைவிடவில்லை. இன்று 40 வயதில் எழுத்துப் பழகுகிறவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.