செடிகளுக்குப் பைல் போட்ட ஜானகி அம்மாள்

ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தூரம். அந்த வட்டாரத்திலேயே ஒரே ஒரு மரம்தான் மிச்சம் என்று கேள்விப்பட்டு, அந்த மக்னோலியா மரத்தைத் தேடி ஒரு பெண்மணி போனார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. போய்ப் பார்த்தால் மரம் இல்லை. எரித்துவிட்டிருந்தார்கள்.

அந்தப் பெண்மணிதான் டாக்டர் ஜானகி அம்மாள். செடி கொடிகளின் மாதிரிகளைச் சேகரித்துப் பத்திரப்படுத்துவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர்.

1897-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி தலைச்சேரியில் பிறந்தார். தந்தை கிருஷ்ணன் சப்-ஜட்ஜ். தோட்டத்திலும் பறவைகளிலும் ஈடுபாடு உள்ளவர். சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் ஆயிற்று. ஜானகி சென்னைக்குப் படிக்க வந்தார். ராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, பிறகு அமெரிக்காவில் மிச்சிகன். 1931-ல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். கடைசி வரை மணம் செய்துகொள்ளவில்லை.

கோவையில் கரும்பு

1934 முதல் 1939 வரை கோவை கரும்பு இன விருத்தி நிலையத்தில் வேலை. நாணல் போன்ற காட்டுக் கரும்பையும் தோட்டக் கரும்பையும் ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடு ஒட்டுச் சேர்த்தும் பார்த்தார். பெண் என்பதாலும் சாதியாலும் அவர் பட்ட மனவருத்தங்கள் கொஞ்சமல்ல.

அவர் செய்த வேலை என்னவென்று சொன்னால்தான் அவர் அருமை தெரியும். செடியின் வேர் நுனியில் ஒரு சிறு துணுக்கைக் கிள்ளி, உடனே மருந்தில் போட வேண்டும். தாமதித்தால் உயிரணு கெட்டுவிடும். பிறகு சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் வைத்து நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம்களை எண்ண வேண்டும். எண்ணிக்கை தெரிந்தால் எந்தச் செடி எதற்கு உறவு என்று புரியும்.

அதோடு முடியாது. அதே செடியின் கிளையை இலையும் பூவுமாகப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஈரத்தாளை மாற்றி மாற்றி உலர்த்தி, கெட்டி அட்டையில் ஒட்ட வேண்டும். ஓரத்தில் ஊர், தேதி, எடுத்தவர் பெயர் எழுத வேண்டும். ஆபீஸில் பைல் போடுவது போலத்தான். தேதியும் ஊரும் இல்லாத அட்டை, நம்பர் போடாத பைலுக்குச் சமம். ஒழுங்காகப் போட்டு, பூச்சி அரிக்காமல் காத்துவிட்டால் இருநூறு வருஷமானாலும் எடுத்துப் பார்க்கலாம். (நாம் படித்துப் போட்ட பேப்பருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு!)

குண்டு மழையில்

1939-ல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போன இடத்தில் யுத்தம் மூண்டுவிட்டது. ஜானகி அம்மாள் இங்கிலாந்திலேயே தங்கினார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வார். காலையில் உடைந்த கண்ணாடியைப் பெருக்கித் தள்ளிவிட்டு ஆராய்ச்சியைத் தொடர்வார் என்று அவருடைய குடும்பத்தார் சொல்வதுண்டு. டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர் செய்யப்படும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945-ல் நூலாக வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் அவர் ஆராய்ந்த மக்னோலியாவில் ஒரு வகைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

1951-ல் பிரதமர் நேரு அழைத்ததன் பேரில் நாடு திரும்பினார். கல்கத்தாவில் தலைமையகம் கொண்ட இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்கு. வெள்ளைக்காரர்கள் நம் காடுகளில் எடுத்த மாதிரிகளில் பெரும்பகுதி லண்டனில் இருந்தது. நம் ஊர்ச் செடியின் பெயரைச் சரிபார்க்க நாமே கப்பல் ஏறிப் போக வேண்டிய நிலை. நம் செடியை நம்மவர் சேகரித்து நம் நாட்டிலேயே வைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஆனால் 1954-ல் துறையின் தலைமைப் பொறுப்பு இன்னொருவருக்குப் போயிற்று. அவர் மனம் நொந்தார். ஆனால் வேலையை விடவில்லை. அலகாபாத்திலும் ஜம்முவிலும் தொடர்ந்தார்.

உணவுப் பெருக்கம் என்ற பெயரில் காடுகள் அழிவதை அவர் நேரில் கண்ட காலம் அதுதான். ஷில்லாங் மரம் எரிந்ததும் அந்த நாட்களில்தான். அந்த மரத்திலிருந்து ஒரு துணுக்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அமைதிப் பள்ளத்தாக்கு

1970-ல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, மதுரவாயலில் ஆய்வுக்கூடமும் செடிகளுமாகக் காலம் கழிந்தது. 1977-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பாலக்காட்டுப் பக்கம் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டம் எழுந்தது. காடு தண்ணீரில் மூழ்கிவிடும் நிலை. எண்பதை எட்டிய வயதில் ஜானகி அம்மாளும் எதிர்த்துக் குரல் கொடுத்தார். சும்மா எதிர்க்கவில்லை, அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையிலும் இறங்கினார். இந்த முறை மரம் போகும் முன்பே எண்ணிவிட வேண்டும் என்ற அவசரம்!

அணைத் திட்டம் 1983-ல் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதியே, மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் வேலையாக இருக்கும்போது காலமாகிவிட்டார்.

ஜம்முவில் உலர்த்திய செடிகளின் காப்பகம் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. அட்டைகள் அலமாரிகளில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.