கொடைக்கானல் பட்டறையில் விளைந்த தன்னம்பிக்கை

அரசுப் பணி என்றால் மேலிருந்து வரும் கோப்பைக் கீழே அனுப்புவதுதான். அங்கே புதுமைக்கு இடமில்லை என்று கேட்டே வளர்ந்தவன் நான். அந்த எண்ணத்தை என் உள்ளத்திலிருந்து அகற்றியது ஒரு வானியல் அறிஞரின் வாழ்க்கை. அவர்தான் வைணு பாப்பு.

1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தவர். எனவே, தொலைநோக்கி இவருக்கு இளமையிலேயே பழகிய பொருளாயிற்று. உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். 1949இல் அவர் கண்ட வால்மீன் அவர் பெயரையும், உடன் உழைத்த இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. விண்மீனின் நிறமாலையில் தோன்றும் ஒரு கால்சியக் கோட்டின் அகலத்தைக் கொண்டே அதன் உண்மை ஒளியை அறியலாம் என்று, வில்சன் என்ற அறிஞருடன் இணைந்து 1957இல் வெளியிட்டார். வெளிநாட்டில் புகழோடு வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் விரும்பி ஏற்றதோ தாய்நாட்டின் அரசுப் பணி!

1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். 1899இல் பழனி மலையில் நிறுவப்பெற்ற அந்நிலையம், கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை எவர்செட் 1909இல் கண்டறிந்ததால் உலகப் புகழ் பெற்றது. பாப்பு வந்தபோது அது வானிலைத் துறையின் கீழ் இயங்கிய அரசு அலுவலகம். பகலில் கதிரவனை நோக்கிய அங்கே, இரவில் விண்மீன்களையும் ஆராய அவர் விழைந்தார். கொடைக்கானலின் மேகமோ அதற்கு உகந்ததன்று. ஆகவே ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார்.

தொலைநோக்கிக்கு எங்கே போவது? அயல்நாட்டை மட்டுமே நம்பியிராமல், கொடைக்கானல் ஆய்வகத்திலேயே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றைச் செய்வித்தார். 1968இல் அது காவலூரில் வானை நோக்கத் தொடங்கியது.

இங்கே நாம் ஒன்றைக் கருத வேண்டும். அந்நிலையம் தன்னாட்சி பெற்ற இந்திய வானியற்பியல் நிறுவனமாக மாறியது 1971இல்தான். அதாவது, முழு உரிமை கிடைக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. துறையின் கட்டுக்குள் நின்றே, கையிலிருந்த பட்டறையையும் பணியாளரையும் கொண்டு முதல் அடியை எடுத்து வைத்தார்.

1972இல் ஜெர்மனியிலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. எனினும் பாப்புவின் கனவு பெரிது: 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியர்களே வடிவமைத்துச் செய்ய வேண்டும் என்பது. சிறிய கருவியைத் தம் கையால் முடித்துக் காட்டிய நிறுவனம் பெரியதற்கும் துணிந்தது. தன்னம்பிக்கை சொற்பொழிவால் வருவதன்று. செய்து முடித்த வேலையால் வருவது என்பதே நான் இதிலிருந்து உணர்ந்தது.

1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். இப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. ஆனால் 1982 ஆகஸ்டு 19இல் மியூனிக் நகரில் மறைந்தார். தம் பெருங்கனவு நிறைவேறியதைக் காண அவர் இல்லை. உடன் உழைத்தோர் பணியை நிறுத்தவில்லை. 1986இல் அத்தொலைநோக்கி அவர் பெயராலேயே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை அரசு அலுவலகங்களில் அமரப் போகிறோம். அங்கே நமக்குக் கிடைப்பது ஒரு சிறு பட்டறை அளவேயாக இருக்கலாம். அதில் 38 சென்டிமீட்டர் அளவுக்கேனும் புதிதாக ஒன்றைச் செய்து காட்டுவோம்!