80 வயதில் புதுக் கட்சி: ராஜாஜிக்குத் திருச்சி வைத்த 3 பரீட்சைகள்

1959 ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டபோது, அதைத் தொடங்கிய ராஜாஜிக்கு வயது 80. முதல்வர், கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர் என எல்லாப் பதவிகளையும் பார்த்துவிட்டார். பாரத ரத்னாவும் 1954-லேயே வந்துவிட்டது. பேசாமல் வீட்டில் உட்கார்ந்து புத்தகம் எழுதியிருக்கலாம். ஆனால், அவர் தொடங்கிய கட்சி எட்டே ஆண்டுகளில் மக்களவையில் மிகப் பெரிய எதிர்க்கட்சியானது. அடுத்த ஏழு ஆண்டுகளில் காணாமலும் போனது.

ஒரு தலைவரின் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? எங்கே தீர்ந்துபோகிறது? திருச்சியில் நின்று பார்த்தால் ஓரளவு புரியும்.

முதல் பரீட்சை: 1930

1878-ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. சேலத்தில் நல்ல வருமானம் உள்ள வக்கீல். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர். காந்தியின் பக்கம் வந்த பிறகு வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்தார்.

காந்தி தண்டியில் உப்பு அள்ளியதும், தெற்கே வேதாரண்யத்தைத் தேர்ந்தெடுத்தார் ராஜாஜி. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன் வீட்டிலிருந்து சுமார் 100 தொண்டர்களுடன் பயணம் கிளம்பியது. ராஜன் ஸ்ரீரங்கத்தில் பிறந்து, இங்கிலாந்து வரை போய் மருத்துவம் படித்தவர்.

சுமார் 240 கி.மீ. நடைப்பயணம். இவர்களுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். மக்களும் நேரடியாகச் சோறு போடவில்லை. பொட்டலம் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள்! ஏப்ரல் 30-ல் உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். மேடையில் கூட்டத்தை மயக்கும் பேச்சாளர் அல்ல அவர். ஒழுங்கும், தானே முன்னால் நடக்கும் துணிவும்தான் அவரது ஈர்ப்பு.

இரண்டாவது பரீட்சை: 1938

1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானார். அன்றைக்கு முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர். ஸ்ரீரங்கத்து ராஜன் அவரது சுகாதார அமைச்சர். சேலத்தில் மதுவிலக்கு வந்தது. கூடவே, 1938-ல் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயமானது.

எதிர்ப்பு எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? அதே திருச்சியிலிருந்து! 1938 ஆகஸ்ட் 1-ல் தமிழர் படை என்ற பெயரில் சுமார் 100 பேர் நடக்கத் தொடங்கி, 42-வது நாளில் சென்னை வந்து சேர்ந்தார்கள். எட்டு வருடத்துக்கு முன் ராஜாஜி கையில் எடுத்த அதே ஆயுதம், இப்போது அவருக்கு எதிராக. அவரது அரசோ, வெள்ளைக்காரர் கொண்டுவந்த அடக்குமுறைச் சட்டத்தையே பயன்படுத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அதில் நடராசன், தாளமுத்து என்ற இருவர் சிறைவாசத்தின்போதே இறந்தார்கள்.

தனக்குச் சரி என்று பட்டால் யார் என்ன சொன்னாலும் கேட்க மாட்டார். 1953-ல் கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தை எதிர்ப்பாளர்கள் குலக்கல்வி என்று சாடியபோதும் இதே கதைதான். 1954-ல் முதல்வர் பதவியை விட்டு விலகினார்.

எதற்காகப் புதுக் கட்சி?

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டது. நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்று விவசாயிகளுக்குப் பயம். தொழில் தொடங்க எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ் என்று வியாபாரிகளுக்குச் சலிப்பு. காங்கிரஸை விட்டால் கம்யூனிஸ்ட் என்று இருந்த இடத்தில், நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. ராஜாஜி அதைப் பிடித்தார். என்.ஜி.ரங்கா தலைவர், மினு மசானி பொதுச் செயலாளர். அடிப்படைக் கொள்கைகளில் வராத விஷயங்களில் உறுப்பினர்கள் தங்கள் இஷ்டப்படி பேசலாம், வாக்களிக்கலாம் என்பது இந்தக் கட்சியின் தனி அடையாளம்.

மூன்றாவது பரீட்சை: 1967

காங்கிரஸை வீழ்த்த எதிர்க்கட்சிகள் ஓட்டைப் பிரிக்கக் கூடாது என்று கணக்குப் போட்டார் ராஜாஜி. 1938-ல் இந்தியைக் கொண்டுவந்தவர், இப்போது இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதை எதிர்த்தார். அண்ணாவின் திமுகவோடு கைகோத்தார். அதே அணியில் மார்க்சிஸ்டுகளும் இருந்தார்கள். 1952-ல் கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்தவர் இவர்! ரயில்வே தொழிலாளர்கள் நிறைந்த திருச்சியில் அந்த அணியின் சார்பில் ஜெயித்தவர், மார்க்சிஸ்ட் கட்சியின் தொழிற்சங்கத் தலைவர் ஆனந்த நம்பியார்.

காங்கிரஸ் ஆட்சி போனது. நாடு முழுக்க சுதந்திராவுக்கு 44 மக்களவை இடங்கள். சென்னை மாநில சட்டப்பேரவையில் 20 இடங்கள்.

பிறகு ஏன் நிற்கவில்லை?

நடுவில் நிற்கும் கட்சிகளுக்கு இது பொதுவான தலைவலி. பிரிட்டனில் 1981-ல் லேபர் கட்சியிலிருந்து பிரிந்த நால்வர் புதுக் கட்சி கண்டார்கள். 1983 தேர்தலில் லிபரல்களோடு சேர்ந்து சுமார் 25% ஓட்டு வாங்கினார்கள். ஆனால், 650 இடங்களில் கிடைத்தது வெறும் 23. எல்லாத் தொகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டு இருந்தால் போதாது. ஜெயிக்கிற அளவுக்குச் சில தொகுதிகளிலாவது இருக்க வேண்டும்.

சுதந்திராவுக்கு ராஜஸ்தான், குஜராத், ஒடிசாவில் அந்த பலம் இருந்தது. ஆனால், அதில் பெரும்பகுதி முன்னாள் மன்னர்களும் பெரிய நிலக்காரர்களும் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலோ திமுக என்ற தோள் தேவைப்பட்டது. 1971-ல் அந்தத் தோளை விட்டு காமராஜரோடு சேர்ந்தபோது அணி தோற்றது. மக்களவையில் கட்சிக்கு எட்டு இடங்கள்தான் மிஞ்சின.

1972 டிசம்பர் 25-ல், 94 வயதில் ராஜாஜி மறைந்தார். 1974-ல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. அவர் எதிர்த்த லைசென்ஸ் முறையை 1991-ல் பெருமளவு கைவிட்டது, அதைக் கட்டிய காங்கிரஸேதான். அவரது கருத்து கட்சியைவிட அதிக காலம் வாழ்ந்தது. அவருக்குப் பின்னும் கட்சியைத் தூக்கிச் சுமக்க, 1930-ல் கூடவே நடந்ததுபோல ஒரு படைதான் இல்லாமல் போனது.