குழந்தைகளின் வயிற்றுவலியைக் கண்டறிய வாழ்ந்த மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங்

கைக்குழந்தைக்குத் தன் வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. அழுகை, உப்பிய வயிறு, நின்றுபோன மலம், சத்தி ஆகியவையே அதன் மொழி. அந்த மொழியைக் கற்பதற்கே தன் வாழ்நாளைக் கொடுத்தவர் டென்மார்க் நாட்டின் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங்.

1830 ஆம் ஆண்டு டிசம்பர் 14 ஆம் திகதி கோப்பன்ஹேகன் நகரில் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை புகையிலைத் தொழிற்சாலை உரிமையாளர். மகனோ குடும்பத் தொழிலை விட்டு மருத்துவம் படித்தார். பிறவியிலேயே உணவுக்குழாயும் சிறுகுடலும் அடைபட்டிருக்கும் குழந்தைகளைப் பற்றி ஆய்வு செய்து 1861 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் குழந்தை மருத்துவம் என்ற தனித்துறை டென்மார்க்கில் வேரூன்றியிருக்கவில்லை.

1879 இல் கோப்பன்ஹேகனில் திறக்கப்பட்ட லூயிஸ் மகாராணி சிறுவர் வைத்தியசாலையின் தலைமை வைத்தியரானார். ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கு இலவசமாகச் சிகிச்சை வழங்கப்பட்டது. கட்டில்களுக்கு மேலே வேத வசனங்களை எழுதவேண்டும் என்று மகாராணி விரும்பினார். பிள்ளைகள் பார்த்து மகிழ மிருகங்களின் படங்களே வேண்டும் என்று இவர் உறுதியாக நின்றார். அந்த மனத்தாங்கலால் மகாராணி வைத்தியசாலைக்கு வரவேயில்லை என்று சொல்லப்படுகிறது.

1886 இல் பேர்லினில் நடந்த குழந்தை மருத்துவர் மாநாட்டில், பிறந்த நாள் முதல் கடும் மலச்சிக்கலால் துன்புற்று, ஒரு வயது நிறையுமுன்பே இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி அவர் விவரித்தார். இருவரின் பெருங்குடலும் மிகப் பெரிதாக வீங்கியிருந்தது. வீங்கிய குடல்தான் நோய் என்று அவர் கருதினார். உண்மையான காரணம் அதற்குக் கீழே, சாதாரணமாகத் தோன்றிய பகுதியில் இருந்தது. குடலை அசைக்கும் நரம்புக் கலங்கள் அங்கு பிறவியிலேயே இல்லாததால் அப்பகுதி சுருங்கியே கிடக்கும். மலம் மேலே தேங்கிக் குடலை வீங்கச் செய்யும். 1948 இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஓர்வர் சுவென்சன் அந்தப் பகுதியை அகற்றிக் குணப்படுத்தும் முறையை வெளியிட்டார். ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இந்நோய்க்கு இன்றும் ஹிர்ஷ்ஸ்பிரங்கின் பெயரே வழங்குகிறது.

அவர் உயிர் காத்த வேறொரு நோயும் உண்டு. சட்டைக் கை உள்ளே மடிவதுபோல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் அது உயிரைப் பறிக்கும். ஆசனவாய் வழியாக நீரைச் செலுத்தி, அதன் அழுத்தத்தால் குடலை மெல்லப் பின்தள்ளும் முறையை அவர் பல ஆண்டுகள் கையாண்டார். 1905 இல் 107 குழந்தைகளின் விபரங்களை வெளியிட்டபோது, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பிழைத்திருந்தனர். அக்காலத்தில் அது பெரிய வெற்றி. காற்றையோ திரவத்தையோ செலுத்தும் இதே வழி இன்றும் முதல் சிகிச்சையாக உள்ளது.

1916 ஏப்ரல் 11 ஆம் திகதி அவர் காலமானார்.

குழந்தைகளின் வயிற்றுவலியில் பெரும்பாலானவை தாமாகவே தணியும். ஆனால் சில அறிகுறிகள் காத்திருக்க விடாதவை. பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் கரும்பச்சை நிற முதல் மலம் கழியாதிருத்தல், பச்சை நிறச் சத்தி, உப்பி இறுகிய வயிறு, கால்களை மடக்கி விட்டுவிட்டு வீறிட்டு அழுதல், இரத்தமும் சளியும் கலந்த மலம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் கை வைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பேர்லினில் அவர் விவரித்த இரு குழந்தைகளைக் காப்பாற்ற அன்று வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. நேரத்தோடு கொண்டுசேர்ப்பது மட்டுமே பெற்றோரின் கையில் உள்ளது.