கணக்கறிந்த மருத்துவர்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையைக் காண்பார்க்குப் படிகள் புலப்படா. மக்கள் தலைகளே புலப்படும். தமிழகத்தினின்றும் ஆந்திர நாட்டினின்றும் காவடியேந்தி வரும் அத்திரளில் தட்டம்மை கண்ட குழந்தை ஒன்று இருப்பின், நோய் எத்தனை பேரைப் பற்றும்? எத்தனை பேர் தடுப்பூசி பெற்றிருந்தால் அது பரவாது ஓயும்? இத்தகைய வினாக்களுக்குக் கணிதத்தால் விடை காண வழிவகுத்த முன்னோடிகளுள் ஒருவர் சர் ரொனால்டு ராஸ்.

ராஸ் 1857-இல் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தையார் படையில் உயர் அலுவலர். மைந்தரின் உள்ளமோ கவிதையில் தோய்ந்திருந்தது. தந்தையின் விருப்பத்திற்கு இணங்கியே அவர் மருத்துவம் பயின்றார். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். ஓய்வு வேளைகளில் ஆசிரியர் துணையின்றிக் கணிதம் கற்றார். மருத்துவருக்கு அது வீண் பொழுதுபோக்கென்றே கண்டோர் எண்ணியிருப்பர்.

1897 ஆகஸ்டு 20 அன்று, செகந்தராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

இடர் அதன் பின்னரே தோன்றியது. கொசுவைக் குறைத்தால் நோய் குறையும் என்றார் ராஸ். லாகூரை அடுத்த மியான்மீர் பாளையத்தில் 1901 முதல் அவ்வாறே முயன்றும் நோய் அடங்கவில்லை. கொசுக்களை அடியோடு ஒழித்தல் ஆகாத செயலென்று பலர் சோர்ந்தனர். ராஸ் சொற்போருக்கு அஞ்சாதவர். எனினும் இம்முறை கணக்கையும் துணைக்கு அழைத்தார். நோயாளி ஒருவரைக் கடிக்கும் கொசுக்கள் எத்தனை? கிருமி முதிரும்வரை அவற்றுள் உயிரோடிருப்பன எத்தனை? அவை மீண்டும் எத்தனை பேரைக் கடிக்கும்? இவற்றைப் பெருக்கிப் பார்த்தார். ஒரு நோயாளியால் புதிதாக நோயுறுவோர் சராசரியாக ஒருவரினும் குறைந்தால், நோய் தானே தேயும். ஆதலின் கொசுக்கள் அனைத்தையும் கொல்ல வேண்டுவதில்லை. ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தலே போதும். இதனை 1911-இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் சமன்பாடுகளுடன் விளக்கினார்.

1901-இல் ராஸுடன் சியரா லியோன் சென்ற மக்கெண்டிரிக் என்னும் மருத்துவர் பின்னாளில் இக்கணக்கை வளர்த்தார். பார்வையிழந்த வேதியியலாரான கெர்மாக்குடன் சேர்ந்து, 1905-06-இல் பம்பாயில் பிளேக்கினால் நேர்ந்த சாவுகளைத் தம் சமன்பாட்டோடு ஒப்பிட்டு 1927-இல் கட்டுரை வெளியிட்டார்.

தட்டம்மைக்கும் இதே கணக்குப் பொருந்தும். எவருமே காப்புப் பெறாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேர்க்கு அதனைத் தருவார். 18 பேருள் 17 பேர் காப்புப் பெற்றிருப்பின், நோய் பற்றுதற்கு எஞ்சுபவர் ஒருவரே. ஆகவேதான் நூற்றுக்கு 95 பேராவது காப்புப் பெறல் வேண்டும் என்பர். ஊசி போடும் வயது வாராத கைக்குழந்தைக்கும் அவ்வேலியே காவல்.

ராஸ் 1932-இல் காலமானார். தட்டம்மைத் தடுப்பூசி வழக்கிற்கு வந்தது 1963-இல்.