வரலாற்றறிஞர் பணிக்கர்

போடிநாயக்கனூரில் நின்று மேற்றிசை நோக்குவார்க்கு வானளாவிய மலைத்தொடர் ஒன்று மதிலெனத் தோன்றும். அதன்மேல் ஏலத்தோட்டங்கள் பரந்துள்ளன. பெருமரங்களின் நிழலும் ஓயாத ஈரமும் வேண்டும் பயிர் ஏலம். வெயில் நேரே பட்டால் வாடிவிடும். மலையில் பறித்து உலர்த்திய காய்கள் மூட்டைகளாகக் கீழிறங்கிப் போடியில் ஏலம் விடப்பெறும். வைகறையில் ஊரிலிருந்து தொழிலாளர் மேலேறிச் செல்வர், மாலையில் இறங்குவர். இங்ஙனம் மலையும் ஊரும் ஒரு குடும்பம் போல வாழினும், போடிமெட்டில் ஓர் எல்லைக்கோடு குறுக்கிடுகின்றது. கோட்டின் கீழ்ப்பால் தமிழ்நாடு, மேற்பால் கேரளம். முன்பு மதுரை மாவட்டத்திற்கும் திருவிதாங்கூர் நாட்டிற்கும் இடையே இருந்த எல்லை, 1956 ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதும் இம்மலைமீது மாறாது நின்றுவிட்டது. அதனை மாற்ற வேண்டுவதில்லை என்று முடிவுரைத்த அறிஞர் மூவருள் ஒருவர் கல்லூரி ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கியவர். வரலாற்று நூல்களும் புதினங்களும் இயற்றியவர். பேரரசுகளுக்குத் தூது சென்றவர். அவரே சர்தார் கே. எம். பணிக்கர்.

காவாலம் மாதவ பணிக்கர் 1895 ஆம் ஆண்டில் திருவிதாங்கூரைச் சேர்ந்த குட்டநாட்டில் பிறந்தார். குட்டநாடு நீர் சூழ்ந்த நாடு. வயல்கள் கடல்மட்டத்தினும் தாழ்ந்து கிடக்கும். ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு ஓடமே ஊர்தி. அந்நீரின் நடுவே வளர்ந்த சிறுவர், பிற்காலத்தில் கடலே நாடுகளின் ஊழை வகுப்பது என்று நூல் எழுதியது வியப்பன்று. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றபின் அவர் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டில் வரலாறு கற்று, முதல் வகுப்பில் தேறினார். தாயகம் மீண்டதும் அலிகாரில் வரலாற்றுப் பேராசிரியராக அமர்ந்தார்.

காலமோ நாடு கொதித்தெழுந்த காலம். வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் இருந்து பழைய போர்களைக் கூறிக்கொண்டிருக்க அவர் உள்ளம் ஒருப்படவில்லை. ஆசிரியப் பணியை விடுத்துப் பத்திரிகைத் துறை புகுந்தார். சென்னையில் சுயராஜ்யா என்னும் இதழில் பணியாற்றினார். பின்னர்ச் சீக்கியர்தம் குருத்துவாராக்களை மீட்க அகாலியர் நடத்திய அறப்போரின்போது, காந்தியடிகள் அவரை அமிர்தசரசுக்கு அனுப்பினார். 1924 ஆம் ஆண்டில் தில்லியில் தோன்றிய இந்துஸ்தான் டைம்ஸ் என்னும் நாளிதழின் தொடக்ககால ஆசிரியராகவும் விளங்கினார்.

சில ஆண்டுகளில் அவர் வாழ்க்கை வேறு வழியில் திரும்பியது. மீண்டும் இலண்டன் சென்று சட்டம் பயின்று வந்தவர், சுதேச மன்னர்களின் பணியில் சேர்ந்தார். காந்தியடிகளின் தூதுவராய்ச் சென்றவர் மன்னர்களின் அமைச்சரானது முரணாகத் தோன்றலாம். அம்முரணை முற்றும் மறுத்தற்கில்லை. ஆயினும் மன்னர் அவைகளில் அவர் வீணே காலங்கழித்தவரல்லர். 1947 இல் விடுதலை இந்தியாவுக்கு அரசியலமைப்பு வகுக்கும் அவையில் சேர்வதா வேண்டாவா எனச் சிற்றரசர் பலர் தயங்கி நின்றபோது, முற்பட்டுச் சேர்ந்த நாடுகளுள் ஒன்று பிக்கானீர். அந்நாட்டின் முதலமைச்சராய் இருந்து அதன் சார்பில் அவ்வவையில் அமர்ந்தவர் பணிக்கரே.

அலுவல்களுக்கிடையே எழுதுகோல் ஓயவில்லை. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் மலையாளக் கரையில் செய்தவற்றை ஆராய்ந்து இரு நூல்கள் வெளியிட்டார். ஆங்கிலேயரை எதிர்த்துக் காட்டில் மறைந்திருந்து பொருத பழசி மன்னரைத் தலைவராக்கிக் கேரளசிம்மம் என்னும் புதினத்தை மலையாளத்தில் புனைந்தார். 1945 இல் வெளிவந்த இந்தியாவும் இந்துமாக்கடலும் பற்றிய ஆங்கில நூல் அளவிற் சிறிது, கருத்திற் பெரிது. படையெடுப்பு என்றதும் கைபர்க் கணவாயையே நோக்கிப் பழகிய அறிஞர்களை அந்நூல் தெற்கே திரும்பிப் பார்க்கச் செய்தது. கணவாய் வழியே வந்தவர் பலரும் நாளடைவில் இந்நாட்டு மக்களாயினர். கடல்வழியே வந்தவரோ கடலைக் கைக்கொண்டமையால் நாட்டையே கைக்கொண்டனர் என்பது அவர் துணிபு. சோழர் கடற்படை கீழ்த்திசைத் தீவுகள் வரை சென்ற பெருமையை அந்நூலில் அவர் எடுத்துரைத்ததைத் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் நன்று. 1498 இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது முதல் நானூற்றைம்பது ஆண்டுக்காலம் ஆசியாவில் மேலைநாட்டார் செலுத்திய மேலாட்சியைப் பற்றி 1953 இல் அவர் வெளியிட்ட பெருநூல், உலகெங்கும் கற்கப்பட்டது, கடிந்துரைக்கவும் பட்டது.

1948 இல் அவர் சீனாவுக்கு இந்தியத் தூதராகச் சென்றார். அங்கே ஓர் ஆட்சி வீழ்ந்து மற்றோர் ஆட்சி எழுந்ததை நேரிற் கண்டார். புதிய ஆட்சியிலும் அவரே தூதர். அப்போது கொரியாவில் போர் மூண்டிருந்தது. 1950 அக்டோபர் இரண்டாம் நாள் நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்த பணிக்கரை எழுப்பிப் பிரதமர் சூ என்லாய் தம் இல்லத்துக்கு அழைப்பித்தார். அமெரிக்கப் படை 38 ஆம் அகலக்கோட்டைக் கடந்து வடக்கே வருமாயின் சீனம் போரில் இறங்கும் என்பதே செய்தி. சீனாவுடன் அமெரிக்காவுக்குத் தூதுறவு இல்லாமையால், ஒரு வல்லரசின் எச்சரிக்கை இந்தியர் ஒருவர் வாயிலாகவே செல்ல வேண்டியதாயிற்று. பணிக்கர் அதனை உடனே தில்லிக்குத் தெரிவித்தார். தில்லியும் உரியவர்க்கு அறிவித்தது. ஆனால் சொன்னவர் சீனரிடம் சாய்வுடையவர் எனக் கருதி வாஷிங்டன் அதனைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்கப் படை கோட்டைக் கடந்தது. அம்மாதமே சீனப் படை யாலு ஆற்றைத் தாண்டிற்று. ஓரிரவுச் செய்தியை நம்பாமையால் போர் 1953 வரை நீண்டு, எண்ணிறந்த உயிர்களைக் கொண்டது.

அவ்வெச்சரிக்கையில் பிழைபடாத பணிக்கர், திபெத்துச் செய்தியில் பிழைபட்டார் என்பது பலர் கருத்து. அவ்வாண்டே சீனப் படை திபெத்தினுள் புகுந்தது. தூதர் சீனர்தம் செயலுக்கு அமைதி தேடுவதிலேயே முனைந்தார் என வல்லபாய் பட்டேல் பிரதமர் நேருவுக்கு எழுதிய மடலில் குறை கூறினார். 1962 இல் இமயத்தில் சீனரோடு போர் மூண்டபோது அக்குறை மீண்டும் பேசப்பட்டது. அதனைக் கேட்கவும் பணிக்கர் உயிரோடிருந்தார்.

1953 டிசம்பரில் நடுவண் அரசு மாநிலச் சீரமைப்பு ஆணைக்குழுவை நிறுவியது. பசல் அலி தலைவர். குன்சுருவும் பணிக்கரும் உறுப்பினர். மூவரும் நாடெங்கும் 38,000 மைல் பயணம் செய்து, 104 ஊர்களில் 9,000 பேருக்கு மேற்பட்டோரைக் கண்டு உசாவினர். தென்னாட்டில் அவர்கள் எதிர்கொண்ட வழக்கு எளிதன்று. திருவிதாங்கூரின் தென்கோடித் தமிழர், நேசமணியின் தலைமையில் தாய்த்தமிழகத்தோடு இணையப் போராடினர். 1954 ஆகஸ்டு 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். அப்போராட்டம் தேவிகுளம், பீர்மேடு என்னும் மலைவட்டங்களையும் வேண்டியது. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையர். காடு திருத்தித் தோட்டமாக்கிய கைகளுட் பெரும்பாலானவை மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து சென்றவை.

1955 செப்டம்பரில் அறிக்கை வெளிவந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியன சென்னை மாநிலத்திற்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திற்கு என மூவரும் பரிந்துரைத்தனர். தோட்டத் தொழிலாளர் வந்து போகும் மக்களாதலின் அவர் எண்ணிக்கை ஒன்றே எல்லையை வகுக்கலாகாது என்பது அவர்கள் காட்டிய காரணம். நெருங்கிய குடிமக்களும் குறைந்த நிலமும் உடைய கேரளத்திற்கு மலைவளம் இன்றியமையாதது என்பது மற்றொன்று. போடியிலும் கம்பத்திலும் இத்தீர்ப்பு ஆறாத மனக்குறையை விளைத்தது.

அக்குறை பணிக்கர் ஒருவர்மேலேயே ஏற்றப்பட்டது. அது முற்றும் நடுநிலையன்று. மூவரும் கையொப்பமிட்ட முடிவு அது. உத்தரப்பிரதேசம் அளவிற் பெரிதாகலின் அதனைப் பிரிக்க வேண்டும் எனத் தனிக்குறிப்பு எழுதிய பணிக்கரால், தம் தாயகத்துக்கெனத் தனி ஆணை எதுவும் இட முடிந்திராது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. தலைவர் பசல் அலி, பீகாரோடு தமக்கிருந்த நெடுந்தொடர்பை எண்ணி, அம்மாநிலம் வங்கத்தோடும் ஒரிசாவோடும் கொண்டிருந்த எல்லை வழக்குகளில் தாம் கலந்துகொள்ளாது ஒதுங்கினார். மலையாளத்தின் தலைசிறந்த எழுத்தாளருள் ஒருவரான பணிக்கர், கேரள எல்லை வழக்கில் அவ்வாறு ஒதுங்கினாரல்லர். ஒதுங்கியிருப்பின் எல்லை இதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் மலைக்குக் கீழுள்ளார் அதனை வேறு முகத்தோடு ஏற்றிருப்பர். நூலில் நேர்ந்த பிழையை மறுபதிப்பில் திருத்தலாம். நிலத்தில் இட்ட கோட்டுக்கு அவ்வாய்ப்பு அரிது.

1956 நவம்பர் முதல் நாள் புதிய மாநிலங்கள் தோன்றின. பணிக்கர் பிரான்சு நாட்டுத் தூதராகச் சென்றார். கேரள சாகித்திய அகாதெமியின் முதல் தலைவரும் அவரே. 1959 இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். இறுதியில், இளமையில் தாம் விட்டுச்சென்ற கல்விக்கழகத்திற்கே மீண்டார். முதலில் காஷ்மீரப் பல்கலைக்கழகத்திற்கும் பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்திற்கும் துணைவேந்தரானார். அப்பணியில் இருக்கும்போதே 1963 டிசம்பர் 10 ஆம் நாள் மைசூரில் இயற்கை எய்தினார்.